குடும்பக் குழு: அகிலனின் சேணத்தில் பூசணம்

நித்யா: பெரியப்பா, ஒன்று கேட்க வேண்டும். அகிலனுடைய குதிரைச் சேணம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூசணம் பூத்திருக்கிறது 😟 மழையில் ரைடிங் வகுப்பே இல்லை, கவர் போட்டு அலமாரியில் வைத்திருந்தோம். இப்போதுதான் வெயில் எட்டிப் பார்க்கிறது, மொட்டை மாடியில் காயப் போடலாமா?

பெரியப்பா: வெயில் வேண்டவே வேண்டாம்மா. தோலில் இருக்கிற எண்ணெய்ப் பசை வற்றி விறைத்துப்போகும், அப்புறம் மடக்கினால் வெடிக்கும். பால்கனிக்குக் கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடை. வீட்டுக்குள் தட்டினால் அந்தத் தூள் செருப்பு, பை எல்லாவற்றிலும் போய் உட்காரும்.

செல்வி அத்தை: தேங்காய் எண்ணெய் தடவினால் பளபளவென்று ஆகிவிடுமே அண்ணா?

பெரியப்பா: பளபளக்கும் செல்வி, ஆனால் நாளாக ஆகக் காறல் வாடை வரும், பிசுபிசுப்பில் தூசியும் ஒட்டும்.

பெரியப்பா: நித்யா, எல்லா பக்கிளையும் கழற்று, அழுக்கு அந்த மடிப்புக்குள்தான் இருக்கும். கிளிசரின் சோப்பு, சேணத்துக்கென்றே விற்கிறது. ஸ்பாஞ்சை ஒட்டப் பிழிந்துவிட்டுச் சோப்பில் தேய்த்துத் துடை, நுரை பொங்கினால் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம். குதிரை உடம்பில் படுகிற பக்கத்தில் வியர்வையும் அழுக்கும் சேர்ந்து கருப்பாகக் கட்டி தட்டியிருக்கும், அதை நகத்தால் சுரண்டாதே, ஈரத் துணியைக் கொஞ்ச நேரம் மேலே போட்டு வைத்தால் இளகிவிடும்.

கவின்: என் ஷூவும் அதே அலமாரியில்தான் இருந்தது, அதற்கு ஒன்றும் ஆகவில்லையே தாத்தா?

பெரியப்பா: ஷூ பெரும்பாலும் குரோம் உப்பில் பதனிட்ட தோல்டா. சேணத்துக்குப் பெரும்பாலும் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல், நம் பக்கம் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டார்களே, அந்த மாதிரி. நல்ல உறுதி, ஆனால் பூசணம் சீக்கிரம் பிடிக்கும். சென்னைக் காற்றில் எப்போதும் ஈரம் இருக்கிறது, அதனால் எண்ணெயைக் கொட்டக் கூடாது. நிழலில், ஃபேன் காற்றில் காய்ந்த பிறகு தோலை மென்மையாக்குகிற லெதர் கண்டிஷனரை மெல்லிசாகத் தடவினால் போதும். கூடிப்போனால் வார் நீளும், தையல் நூலும் கெடும்.

நித்யா: 📷 துடைத்தாயிற்று. ஆனால் வயிற்றுப் பட்டையை மாட்டுகிற வாரில், ஓட்டைக்குப் பக்கத்தில் மெல்லிசாக ஒரு கோடு தெரிகிறது.

பெரியப்பா: அந்த இடத்தை மடக்கிப் பார். கோடு வாய் பிளக்கிறதா?

நித்யா: ஆமாம் 😰 பக்கத்தில் இன்னொரு வார் சும்மாதானே தொங்குகிறது, அதில் மாட்டிக்கொள்ளலாமா?

பெரியப்பா: வேண்டாம்மா, அதுவும் அதே வயதுத் தோல்தான். சேணம் குதிரை மேல் நிற்பதே இந்த வார்களால்தான், ஓட்டத்தில் அறுந்தால் பிள்ளை சேணத்தோடு கீழே வருவான். இரண்டு பக்கமும் எல்லா வாரையும் மாற்றிவிடு, அதுவரை வகுப்பில் வேறு சேணம் கேள். அங்கவடி, அதுதான் கால் வைக்கிற வளையம், அதைத் தொங்கவிடுகிற வாரையும் ஓட்டை ஓட்டையாகப் பார். இடது பக்கமாகவே ஏறுவதால் அந்த வார் நீண்டுபோகும், அவ்வப்போது வலதோடு மாற்றி மாட்ட வேண்டும்.

நித்யா: தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுக்கட்டுமா?

பெரியப்பா: சேணம் தைத்துப் பழகிய கை வேண்டும். நாளைக் காலையில் எடுத்துக்கொண்டு வா, பெரியமேட்டுத் தோல் கடைகளில் சேர்ந்து போய் விசாரிப்போம். பிளாஸ்டிக் கவரில் போடாதே, பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டு வா.