ஷேக்ஸ்பியரின் தாய்வழி: அடிக்கப்பட்ட சின்னம் எதைக் காட்டுகிறது?

வடமலை: ஷேக்ஸ்பியரின் தாய் மேரி ஆர்டன், வார்விக்‌ஷயரின் பழம்பெருங்குடியான பார்க் ஹால் ஆர்டன்களின் வழிவந்தவர் என்று நேற்று இங்கே ஒருவர் தீர்ப்பே எழுதிவிட்டார். ஷேக்ஸ்பியர் குடும்பச் சின்னத்தோடு ஆர்டன் சின்னத்தையும் சேர்ப்பதற்காகக் குலச்சின்ன அதிகாரிகள் 1599இல் வரைந்த வரைவை அவர் பார்த்ததில்லை போலும். பார்க் ஹாலாரின் கட்டமிட்ட பட்டைச் சின்னத்தை முதலில் வரைந்தவர்கள், அதைக் கோடிட்டு அடித்துவிட்டு, வேறு மாவட்டமான செஷயரின் ஆர்டன்களுடைய மூன்று சிலுவைச் சின்னத்தை வரைந்தார்கள். அடித்தது அடித்ததுதான்.

தாழை: அந்த 'ஒருவர்' நான்தான், பெயரைச் சொல்ல என்ன கூச்சம்? எலிசபெத் அரசிக்கு எதிரான சதியில் தொடர்புபடுத்தப்பட்டு, பார்க் ஹாலின் எட்வர்ட் ஆர்டன் 1583இல் கொல்லப்பட்டார். அந்தச் சின்னத்தைத் தொட அதிகாரிகள் தயங்கியதில் வியப்பில்லை. மேலும், 1501இல் மேரியின் பாட்டனார் தாமஸ் பெயரில் ஸ்னிட்டர்ஃபீல்டு நிலம் எழுதப்பட்டபோது, ராபர்ட் த்ராக்மார்ட்டன் போன்ற பெரிய மனிதரின் பெயரும் அதே பத்திரத்தில் இருக்கிறது.

வடமலை: பத்திரத்தில் பெயர் இருந்தாலே உறவு என்றால், சாட்சிக் கையெழுத்துப் போட்டவரெல்லாம் பங்காளிகள்தாம். தயக்கம் என்பது தங்கள் கற்பனை. அடித்த கோடு ஆவணம். ஞானஸ்நானம், திருமணம் எழுதும் தேவாலயப் பதிவேடுகளே 1538இல்தான் தொடங்கின என்னும்போது, தாமஸின் தந்தை பார்க் ஹாலார் என்பதைத் தாங்கள் எங்கிருந்து எடுத்தீர்கள்?

ஊர்க்குருவி: நெடுங்காலம் 'மேரி ஆர்டன் வீடு' என்று காட்டப்பட்டது ஆடம் பால்மர் என்ற அண்டை வீட்டாருடையது என்று 2000ஆம் ஆண்டில்தான் தெரிந்தது. வீட்டையே தவறாகக் காட்டியவர்கள் வழியாக வந்த குலக்கதையை நம்பலாமா?

தாழை: வீட்டுக்கும் வம்சத்துக்கும் என்ன தொடர்பு? ஷேக்ஸ்பியர் நாடகங்களை எழுதியவர் பேக்கனா என்று இங்கே முன்பு நடந்த விவாதத்தில் வடமலைக்குப் பட்ட சூடு இன்னும் ஆறவில்லை என்று புரிகிறது. 1602இல் குலச்சின்ன அதிகாரி ரால்ஃப் புரூக் 'நடிகன் ஷேக்ஸ்பியர்' என்று இகழ்ந்து, சின்னம் வழங்கியதைக் குறை கூறியபோது, சக அதிகாரிகளான டெதிக்கும் கேம்டனும் ஷேக்ஸ்பியரின் தந்தை ஜான் ஷேக்ஸ்பியர் ஆர்டன் வாரிசை மணந்தவர் என்றே விடையளித்தார்கள்.

வடமலை: எந்த ஆர்டன்? அதைத்தானே முதலிலிருந்து கேட்கிறேன்! பேக்கன் விவாதத்தில் யாருக்குச் சூடு பட்டது என்பதைப் பழைய பதிவுகளே சொல்லும். இவ்வளவு பெருமைக்குரிய உறவு என்றால், ஸ்ட்ராட்ஃபோர்டு தேவாலயத்திலுள்ள ஷேக்ஸ்பியர் நினைவகத்தில் ஆர்டன் சின்னம் இல்லாமல் ஷேக்ஸ்பியர் சின்னம் மட்டும் ஏன் தனியாக நிற்கிறது? அடித்த சின்னத்துக்கு விடை கூறிவிட்டுப் பிறகு குலப்பெருமையைப் பற்றிப் பேசுங்கள்.

தாழை: விடை மேலே இருக்கிறது; படிக்க மனம் வேண்டும்.

வடமலை: படித்தேன். அடித்தது அடித்ததுதான்.