மலைக்கு ஏற்றியதிலிருந்து சைடு பை சைடு வண்டியில் பெல்ட் நிற்கவே மாட்டேன் என்கிறது

அண்டர்பெர்க்_மாட்டுக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே தென் ஆப்பிரிக்காவில், கடலோர டொங்காட் பக்கம் கரும்புத் தோட்டத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு சைடு பை சைடு வண்டியை (பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போகிற நாலு சக்கரப் பண்ணை வண்டி) மாமாவிடமிருந்து வாங்கி, மலைப்பக்கம் அண்டர்பெர்க்கில் இருக்கும் எங்கள் பண்ணைக்குக் கொண்டுவந்தேன். எஞ்சின் இழுப்பைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட் அங்கே கடலோரத்தில் ஒன்றே வருஷக்கணக்கில் ஓடியிருக்கிறது, மாமா பெல்ட் கவரைத் திறந்து பார்த்ததே இல்லையாம். இங்கே வந்த பிறகு மாட்டுகிற பெல்ட் எல்லாம் அடுத்தடுத்துப் போகிறது. வேலை ஒன்றும் பெரிதில்லை: வேலி பார்ப்பது, டிரெய்லரில் தீவனம் ஏற்றி மேட்டு மேய்ச்சலுக்குக் கொண்டுபோவது, நடுவில் ஓடைகளைத் தாண்ட வேண்டும். சேற்றில் புதையாமல் இருக்கட்டும் என்று முன்பிருந்ததைவிட இரண்டு அங்குலம் பெரிய டயர் போட்டிருக்கிறோம். பெல்ட் வாங்கிய கடையில் கேட்டால் அது தேய்மானப் பொருள், அதற்கு வாரண்டி இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். காசு கொடுத்து மாளவில்லை. எந்த பெல்ட் வாங்கினால் உழைக்கும், யாராவது சொல்லுங்கள்.

சாட்ஸ்வொர்த்_பையன்:

மலிவு விலை பெல்ட் போட்டிருப்பீர்கள். கம்பெனி பெல்ட் வாங்கிப் போடுங்கள் அண்ணா, முடிந்தது கதை. என் குவாட் பைக்கில் அதுதான் ஓடுகிறது, ஒரு பிரச்சினையும் இல்லை.

மாரிட்ஸ்பர்க்_ஸ்பேனர்:

கம்பெனி பெல்ட் போடச் சொன்னது சரிதான், ஆனால் கதை அதோடு முடியாது. நான் சில காலம் கனடாவில் ரெவெல்ஸ்டோக் பக்கம் ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி) பட்டறையில் வேலை பார்த்தவன். அங்கே மலைமேல் ஆழமான பனியில் ஓட்டுகிற வண்டிகளுக்கும் உங்கள் வண்டிக்கும் பெல்ட், கிளட்ச் ஏற்பாடு அடிப்படையில் ஒன்றுதான். முன்னால் எஞ்சினோடு சுற்றும் கிளட்ச், பின்னால் இன்னொன்று, நடுவில் ரப்பர் பெல்ட். பெல்ட் போகிறது என்று ஒருவர் பட்டறைக்கு வந்தால் எந்த பெல்ட் என்று நாங்கள் முதலில் கேட்கமாட்டோம். எவ்வளவு உயரத்தில் ஓட்டுகிறீர்கள் என்றுதான் கேட்போம்.

டொங்காட் கடல் மட்டத்தை ஒட்டி இருக்கிறது. அண்டர்பெர்க் சுமார் 1500 மீட்டர். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் சக்தியை இழக்கும் என்பது பொதுக் கணக்கு, ஆக உங்கள் வண்டி அங்கே வந்து நின்றபோதே 15 சதவீதம் போயாயிற்று. பெட்ரோல் அளவைக் கம்ப்யூட்டர் சரிசெய்துகொள்ளும், குறைந்த காற்றை அது எங்கேயிருந்து கொண்டுவரும்? முன் கிளட்சில், சுற்றும் வேகத்தில் விரிந்து அதை மூடுகிற வெயிட்டுகள் கடலோரத்துச் சக்திக்கு ஏற்ற கனத்தில்தான் இன்னும் இருக்கின்றன. எஞ்சின் முழு ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு) ஏறுவதற்கு முன்பே அந்த வெயிட்டுகள் கிளட்சை மூடி, பெல்ட்டை மேலே தள்ளிவிடும். வண்டி திணறும், ஓட்டுகிறவர் இன்னும் மிதிப்பார், பெல்ட் சூடாகும். ஸ்னோமொபைலை மலைக்குக் கொண்டுபோகிறவர்கள் எடை குறைந்த வெயிட் மாற்றுவது இதற்காகத்தான். அந்த வண்டியில் லோ கியர் கிடையாது, அதனால் செயின் கேஸில் பல்சக்கரத்தையே மாற்றிக் கியரிங்கையும் குறைத்துக்கொள்வார்கள். நீங்கள் பெரிய டயர் போட்டுக் கியரிங்கைக் கூட்டி, அதற்கு நேர் எதிரான வேலையைச் செய்து வைத்திருக்கிறீர்கள்.

உங்களுக்கு லோ கியர் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். டிரெய்லர் கட்டினால் லோ. செங்குத்து ஏற்றம் என்றால் லோ. மணிக்கு 10, 12 கிலோமீட்டருக்குக் கீழேதான் நகரப்போகிறீர்கள் என்றால் சமதரையிலும் லோ. ஹை கியரில் ஊர்ந்து போகும்போது கிளட்ச் முழுசாகப் பிடிக்காமல் பெல்ட் வழுக்கிக்கொண்டே இருக்கும், வழுக்கினால் சூடு, அந்தச் சூடுதான் பெல்ட்டைக் கொல்கிறது. கவருக்குள் பெல்ட் சூட்டைக் காட்டும் இன்ஃப்ராரெட் மீட்டர் கிடைக்கிறது, முடிந்தால் ஒன்று மாட்டுங்கள். 80, 90 டிகிரி வரை பயமில்லை. 110ஐத் தாண்டுகிறது என்றால் நிறுத்தி ஆறவிட வேண்டும்.

பழைய பெல்ட்டுகளைத் தூக்கி எறிந்துவிடவில்லையே? எங்கே, எப்படிப் போயிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அண்டர்பெர்க்_மாட்டுக்காரன்:

நன்றி அண்ணே. பழைய பெல்ட்டெல்லாம் கொட்டகையில்தான் தொங்குகின்றன. கடைசியாகப் போனதில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் பக்கவாட்டில் கருகி, அகலம் குறைந்து இடுப்புப் பிடித்த மாதிரி இருக்கிறது, மற்ற இடமெல்லாம் புதுசு போல. அதற்கு முந்தியது முழுக்கப் பளபளவென்று மின்னுகிறது. இன்னொன்றில் உள்பக்கப் பற்கள் வரிசையாகப் பிய்ந்து போயிருக்கின்றன, அது ஜூலை மாதக் குளிரில் விடிகாலையில் போனது.

மாரிட்ஸ்பர்க்_ஸ்பேனர்:

நீங்கள் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது தம்பி.

ஒரே இடத்தில் கருகியது: பின் கிளட்ச் சுற்றாமல் நின்றிருக்க, முன் கிளட்ச் மட்டும் பெல்ட்டின் அதே இடத்தைத் தேய்த்துக்கொண்டு சுற்றியிருக்கிறது. சேற்றில் மாட்டிக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இது நடக்கும். ஆனால் பண்ணைகளில் நான் அதிகம் பார்ப்பது வேறு. ஏற்றத்தில் வண்டியை நிறுத்திக் கேட் திறக்க ஆள் இறங்குவான், ஓட்டுகிறவர் பிரேக்கைப் பிடிக்காமல் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தே வண்டி பின்னால் உருளாமல் நிறுத்தி வைத்திருப்பார். வெளியிலிருந்து பார்த்தால் வண்டி சும்மா நிற்கிறது. உள்ளே சில விநாடிகளிலேயே பெல்ட் கருகிவிடும். உங்கள் பண்ணையில் யார் யார் ஓட்டுகிறார்கள், மேட்டுக் கேட்டில் எப்படி நிறுத்துகிறார்கள் என்று ஒருநாள் தூரத்தில் நின்று பாருங்கள்.

முழுக்கப் பளபளத்தது: மெதுவாக, ரொம்ப நேரம் வழுக்கியிருக்கிறது. ஹை கியர், பாரம், பெரிய டயர், உயரம் எல்லாம் சேர்ந்த கணக்கு. ஓடைத் தண்ணீர் கவருக்குள் போனாலும் இதே வழுக்கல்தான். ஓடையைத் தாண்டியதும் எஞ்சின் ஏறியும் வண்டி நகரவில்லை என்றால் உடனே நிறுத்தி நியூட்ரலில் போட்டு, கொஞ்ச நேரம் ஆக்ஸிலேட்டர் கொடுத்து உள்ளே இருக்கும் தண்ணீரை உதறிவிடுங்கள். கவருக்கு அடியில் டிரெயின் பிளக் இருந்தால் அதையும் திறந்துவிடுங்கள். ஈரப் பெல்ட்டோடு மேட்டில் ஏறாதீர்கள்.

பல் பிய்ந்தது: உறைபனிக் காலையில் ரப்பர் விறைத்துப் போயிருக்கும், எடுத்த எடுப்பில் பாரத்தோடு இழுத்திருப்பார்கள். ரெவெல்ஸ்டோக்கில் ஸ்னோமொபைலின் பின்பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, அடியில் சக்கரத்துக்குப் பதிலாக ஓடும் டிராக் பட்டையைச் சும்மா சுற்றவிட்டு பெல்ட் சூடு பிடித்த பிறகுதான் கிளம்புவோம். உங்களுக்குத் தூக்கி நிறுத்த வேண்டிய அவசியமில்லை, முதல் சில நிமிடம் சமதரையில் நிதானமாக ஓட்டினால் போதும்.

இவை தவிர நாலாவதாக ஒன்று உண்டு, பெல்ட்டின் ஓரத்தில் நூல் நூலாகப் பிரிந்து வருவது. அது தெரிந்தால் இரண்டு கிளட்சும் ஒரே நேர்க்கோட்டில் இல்லை, எஞ்சின் மவுண்ட் ரப்பர் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். நீங்கள் சொன்னதில் அது இல்லை, நல்லது.

இனி வெயிட் விஷயம். முழு ஆக்ஸிலேட்டரில் மேடு ஏறும்போது ஆர்பிஎம் எவ்வளவில் நிற்கிறது என்று பாருங்கள். கையேட்டில் அதிகபட்ச சக்திக்குச் சொல்லியிருக்கும் எண்ணைவிடக் குறைவாக நின்றால் எடை குறைந்த வெயிட் வாங்கிப் போடலாம்.

வின்டர்டன்_அக்கா:

ஸ்பேனர் சொல்வதையெல்லாம் ஒத்துக்கொள்கிறேன், ஒன்றைத் தவிர. தம்பி, வெயிட் வாங்க இப்போதே ஓடாதே. எங்களிடமும் இதே ரகத்தில் வண்டிகள் ஓடுகின்றன, எங்களுடையதும் மலையடிவாரம்தான். வெயிட்டை அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டால் கிளட்ச் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்காது, அப்புறம் அதனாலேயே வழுக்கும். முதலில் பழைய அளவு டயரைத் திரும்ப மாட்டு. லோ கியர் போட ஆட்களுக்குச் சொல்லிக்கொடு. அதற்குப் பிறகும் ஆர்பிஎம் ஏறவில்லை என்றால் வெயிட்டைப் பார்க்கலாம்.

இன்னொன்று, காற்று. பெல்ட் கவருக்குள் வெளிக்காற்றை இழுக்கும் குழாயும், சூடான காற்றை வெளியே தள்ளும் குழாயும் இருக்கும். புல்விதை, மாட்டுத் தீவனத் தூசி எல்லாம் உள்ளே போகும் குழாயின் வாயில் அடைத்துக்கொள்ளும். எங்கள் வண்டியில் ஒருதரம் எலி கூடு கட்டி வைத்திருந்தது! பெல்ட் பிய்ந்து போன பிறகு என்றால் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும், பிய்ந்த நூல் கிளட்சுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு ஆயில் சீலை அறுத்துவிடும், வெளியேறும் குழாயிலும் ரப்பர்த் துண்டுகள் தங்கிவிடும். அதையெல்லாம் எடுக்காமல் புதுப் பெல்ட்டை மாட்டினால் அதுவும் சீக்கிரமே போகும். மேடு ஏறி முடித்ததும் எஞ்சினைப் பட்டென்று அணைக்காமல் நியூட்ரலில் கொஞ்சம் ஓடவிடு. முன் கிளட்சின் இறக்கைகள் சுற்றிச் சூட்டை வெளியே தள்ளட்டும்.

சாட்ஸ்வொர்த்_பையன்:

வழுக்குகிறது என்றால் பெல்ட் ஸ்ப்ரே அடித்தால் போதாதா? மாவு மில்லில் அடிப்பார்களே.

மாரிட்ஸ்பர்க்_ஸ்பேனர்:

வேண்டவே வேண்டாம். மில் பெல்ட் ஒரே இடத்தில் உட்கார்ந்து சுற்றுகிறது, இந்தப் பெல்ட் கிளட்ச் முகத்தில் மேலும் கீழும் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். பிசுக்கு ஒட்டினால் நகராது, தூசியும் சேரும். கிளட்ச் முகத்தை ஸ்காட்ச் பிரைட்டால் லேசாகத் தேய்த்து, பிரேக் கிளீனர் நனைத்த துணியால் துடைத்தால் போதும். புதுப் பெல்ட்டை மாட்டுவதற்கு முன் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள், செய்யும்போது ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு அதில் இருக்கும். எழுத்தோ அம்புக்குறியோ எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பி மாட்டாதீர்கள், பின் கிளட்சை விரிக்கும் கருவி வண்டியோடு வந்திருக்கும். மாட்டிய பிறகு முதல் 50 கிலோமீட்டர் டிரெய்லர் வேண்டாம், முழு ஆக்ஸிலேட்டர் வேண்டாம், வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள்.

அக்கா சொன்ன வரிசையே நல்லது, டயரை முதலில் மாற்றுங்கள். ஆனால் இந்த வண்டியை இன்னும் மேலே கொண்டுபோகிற எண்ணம் இருந்தால் வெயிட் இல்லாமல் ஆகாது. லெசோதோ எல்லையில் இருக்கும் சானி கணவாயின் உச்சி 2876 மீட்டர், அந்த உயரத்தில் கால்பங்குக்கு மேல் சக்தி காணாமல் போயிருக்கும்.

அண்டர்பெர்க்_மாட்டுக்காரன்:

சானி பக்கமெல்லாம் போகவில்லை அண்ணே, மாடு அங்கே மேயாது :) மேட்டுக் கேட்டில் நின்று பார்த்தேன். நீங்கள் சொன்னது அப்படியே நடக்கிறது, ஆள் இறங்கிக் கேட்டைத் திறந்து மாட்டை விரட்டி மூடுகிற வரைக்கும் ஆக்ஸிலேட்டரிலேயே வண்டியைப் பிடித்து வைத்திருக்கிறான். காற்றுக் குழாயின் வாயிலும் பாதிக்குமேல் புல். சனிக்கிழமை டயரை மாற்றப்போகிறேன். ஒரு ஸ்பேர் பெல்ட் வண்டியிலேயே இருக்கட்டும் என்று நினைக்கிறேன், சீட்டுக்கு அடியில் மடித்து வைக்கலாமா?

வின்டர்டன்_அக்கா:

மடிக்காதே, உள்ளே இருக்கும் நூல் முறிந்துவிடும். உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பவும் கூடாது. பெரிய வட்டமாகவே பின்னால் பெட்டியில் வை, பெட்ரோல் கேனுக்குப் பக்கத்தில் வேண்டாம். புதுசை அப்படியே ஸ்பேராக வைப்பதைவிட, அதை இப்போதே மாட்டிப் பக்குவமாக ஓட்டிவிட்டுக் கழற்றி வை. ஓடைக்கு அந்தப் பக்கம் பாரத்தோடு நிற்கும்போது மாட்ட வேண்டிவந்தால் 50 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுவதற்கு வழி இருக்காது. பின் கிளட்சை விரிக்கும் கருவியையும் கவர் போல்ட்டுக்கான ஸ்பேனரையும் அதே பெட்டியில் போட்டு வை.