பழைய ஜிப்ஸியா, பழைய தாரா? சஸ்பென்ஷனை வைத்து முடிவு செய்யலாமா?

ஏலத்தோட்டம்:
வணக்கம். போடிமெட்டுக்கு மேலே எங்களுக்குக் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம் இருக்கிறது. மெட்டு வரை தார்ச்சாலை, அப்புறம் பாறையும் சேறுமான ஜீப் பாதை. வாரம் ஒருமுறை மதுரைக்கும் போய்வர வேண்டும். கைக்கு எட்டும் விலையில் இரண்டு வண்டிகள் வந்திருக்கின்றன. ஒன்று 2015 மாருதி ஜிப்ஸி: முன்னும் பின்னும் சாலிட் ஆக்ஸில் (இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சு), நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங் (அடுக்கு இரும்புத் தகடுகள்). இன்னொன்று 2016 மஹிந்திரா தார் சிஆர்டிஇ (டீசல் வகை): பின்னால் பட்டை, முன்னால் டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் போல வேலை செய்யும் கம்பி) வைத்த இண்டிபெண்டன்ட், அதாவது இரு சக்கரமும் தனித்தனியாக அசையும். எதை எடுக்கலாம்?

பட்டறைப்பக்கம்:
ஜிப்ஸிதான், யோசிக்கவே வேண்டாம். சாலிட் ஆக்ஸிலில் ஒரு சக்கரம் பாறைமேல் ஏறினால், அதே ஆக்ஸில் மறுபக்கச் சக்கரத்தைத் தரையில் அழுத்திப் பிடிக்கும். பட்டை ஸ்பிரிங் எடையையும் தாங்கும், ஆக்ஸிலையும் அதன் இடத்தில் நிறுத்தி வைக்கும். அதைப் பிடிக்கத் தனியாகக் கண்ட்ரோல் ஆர்ம் என்ற கம்பிகள் கிடையாது. பட்டை உடைந்தால் லாரிக்கு வேலை செய்யும் ஸ்பிரிங் பட்டறையிலேயே சரிசெய்துகொள்ளலாம். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகளைப் போய்ப் பாருங்கள், பெரும்பாலும் பட்டை வண்டிகள்தான்.

நால்வழிச்சாலை:
அண்ணே, கொழுக்குமலை ஜீப்புக்கு அந்த ஒரு பாதைதான் பிழைப்பு. இவர் மதுரைக்குப் போக வேண்டும் என்கிறார். போடியிலிருந்தே 90 கிலோமீட்டர் பக்கம் வரும். சாலிட் ஆக்ஸிலில் டிஃப்பரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டி), ஆக்ஸில், சக்கரம் என்று மொத்த எடையும் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிறது. இடது சக்கரம் குழியில் விழுந்தால் வலதும் சேர்ந்து சாயும், அந்த உதறல் ஸ்டீயரிங் வரை வரும். போடிமெட்டு இறக்கத்தில் 17 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே உடைந்த தார்ச்சாலையில் பிரேக் அடிக்கும்போது இரண்டு முன்சக்கரங்களும் தனித்தனியாக வேலை செய்வது எவ்வளவு நிம்மதி என்று ஓட்டுகிறவருக்குத் தெரியும்.

இன்னொன்று, கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் ஜிப்ஸியின் பட்டை விறைப்பானது. காலியாகப் போனால் அது நீங்கள் சொல்லுகிற அளவுக்கு வளைந்து கொடுக்காது.

பட்டறைப்பக்கம்:
விறைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் பாதையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள் தம்பி. இண்டிபெண்டன்டில் டிஃப்பரன்ஷியல் சேஸியோடு (அடிச்சட்டத்தோடு) இருக்கிறது. மூட்டை ஏற்றி ஒரு குழியில் முன்பக்கம் அமுங்கினால் அதுவும் சேர்ந்து தரையை நோக்கி இறங்கும். சாலிட் ஆக்ஸிலில் தரைக்கும் டிஃப்பரன்ஷியலுக்கும் உள்ள இடைவெளி மாறவே மாறாது.

நால்வழிச்சாலை:
மாறாது, ஏனென்றால் அது எப்போதுமே தாழ்வாகத்தான் இருக்கிறது! இரண்டு சக்கரத் தடத்துக்கும் நடுவே மண் மேடிட்ட பாதையில் முதலில் இடிப்பது ஜிப்ஸியின் முன் டிஃப்பரன்ஷியல்தான். சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொள்வது பற்றிக் கவலை என்றால், 2015 மாற்றத்துக்குப் பிறகு வந்த தார் சிஆர்டிஇயில் பின் டிஃப்பரன்ஷியல் தானாகப் பூட்டிக்கொண்டு, தரையில் உள்ள சக்கரத்துக்கும் சக்தி தரும் வசதி வந்துவிட்டது. ஏலத்தோட்டம், அந்த வண்டியில் அது இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

காயில்தாசன்:
இரண்டும் வேண்டாம், கொஞ்சம் பொறுத்திருந்து காயில் (சுருள்) ஸ்பிரிங் வண்டி வாங்குங்கள். 2023இல் வந்த மாருதி ஜிம்னியில் இரண்டு பக்கமும் சாலிட் ஆக்ஸில், ஆனால் காயில் ஸ்பிரிங். நீங்கள் இரண்டு பேரும் கேட்பது இரண்டுமே அதில் இருக்கிறது.

பட்டறைப்பக்கம்:
அந்த விலை இவர் கையில் இல்லையே.

ஏலத்தோட்டம்:
ஆமாம் சார், அது எட்டாது. மூட்டை கீழே இறக்குவது அறுவடைக் காலத்தில் மட்டும்தான். மற்ற நாட்களில் நானும் ஓரிரு ஆட்களும். சரி, நேரில் பார்க்கப் போகும்போது என்ன பார்க்க வேண்டும்?

பட்டறைப்பக்கம்:
முதலில் தார். விற்பனைக்கு வரும் தார்களில் சிலவற்றில் டார்ஷன் பார் போல்ட்டை முறுக்கி முன்பக்கத்தை உயர்த்தி வைத்திருப்பார்கள். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் சக்கரம் கீழே இறங்க வேண்டிய தூரம் குறைந்துவிடும், சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் சிவி ஜாயின்ட் (வளையும் மூட்டு) எந்நேரமும் கோணலாகச் சுற்றும். அதன் ரப்பர் உறை (பூட்) கிழிந்து கிரீஸ் வெளியே தெறித்திருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள், வந்துவிடுங்கள். முன் ஆக்ஸிலையே மாற்றி சாலிட் போட்ட தாரும் விற்பனைக்கு வரும். ஆர்சியில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. அந்தத் தலைவலியும் வேண்டாம்.

நால்வழிச்சாலை:
ஜிப்ஸியையும் அதே கண்ணோடு பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, நான்கு பக்கமும் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு வளைவு வரை டேப் வைத்து அளக்கவும். இடதும் வலதும் ஒத்துப்போகாவிட்டால் பட்டை தளர்ந்திருக்கலாம் அல்லது உடைந்திருக்கலாம். கூடுதல் பட்டை செருகியிருந்தால் அதிக எடை சுமந்த வண்டி. பட்டையின் நுனியைப் பிடிக்கும் ஷேக்கிளின் ரப்பர் புஷ்களை அசைத்துப் பாருங்கள். பிறகு 80 வேகத்தில் நேரான சாலையில் ஓட்டி ஸ்டீயரிங்கைக் கவனியுங்கள்.

ஆள்தான் அதிகம், மூட்டை அபூர்வம் என்று அவரே சொல்லிவிட்டார். டார்ஷன் பாரில் கை வைக்காத வண்டி என்றால், நான் இன்னும் தார் பக்கம்தான்.

பட்டறைப்பக்கம்:
கை வைக்காததாக இருந்தால் எடுக்கட்டும், தடுக்க மாட்டேன். சந்தேகம் இருந்தால் ஜிப்ஸி. ஏலத்தோட்டம், இரண்டு வண்டியின் அடிப்பக்கத்தையும் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.