சம்பளத்தை வர்த்தமானியில் போடுகிறார்கள். அப்புறம் தோட்டத்தில் தொழிற்சங்கச் சந்தா எதற்கு?

மஸ்கெலியா மகள்:
அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். நான் கொழும்பில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். போன மாதம் வீட்டுக்குப் போனபோது அம்மாவின் சம்பளத் துண்டைப் பார்த்தேன், சந்தா வழக்கம்போல் பிடித்திருக்கிறார்கள். நாட்சம்பளம் 2021இல் 1000 ஆனது அரசின் சம்பள நிர்ணய சபையால். 2024இல் 1350 ஆனதும் அப்படித்தான். 2026க்கு 1550, அதற்கு மேல் அரசு தரும் வருகைக் கொடுப்பனவு 200 என்று வரவு செலவுத் திட்டத்திலேயே சொல்லிவிட்டார்கள். கம்பனிகளும் சங்கங்களும் போடும் கூட்டு ஒப்பந்தமே இல்லாதபோது சந்தாவை நிறுத்திவிடலாமே என்றேன். "நிறுத்தினா நாளைக்குத் தராசுக்கிட்ட நமக்காக யாரு வந்து நிப்பா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய தலைவர்:
மகள், அம்மா சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். நான் தோட்டத்தில் சங்கத் தலைவராக இருந்தவன். சங்கத்தின் வேலை கொழும்பில் சம்பளம் பேசுவது என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். எங்களுக்கு அது மலையில்தான் நடந்தது.

கொழுந்து ஒரு நாளில் மூன்று தடவை நிறுக்கப்படும். ஒவ்வொரு நிறுவையிலும் சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். மழை நாளில் ஈரத்துக்குக் கழிப்பது நியாயம். வெயிலிலும் அதையே கழித்தால்? தடவைக்கு 2 கிலோ போனால் பொழுது சாயும்போது 6 கிலோ இல்லை. நோம், அதாவது ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய அளவு, 18 கிலோ என்றால் 24 கிலோ பறித்தவளுக்குத்தான் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம். மற்றவளுக்கு அரைப்பேர். தலைவர் தராசுக்குப் பக்கத்தில் நின்று "ஐயா, சாக்கு காஞ்சிருக்கு, பாருங்க" என்று சொன்னால் கழிவு குறையும். நான் சொல்லிக் குறைந்திருக்கிறது.

இனி 2021க்கு வாருங்கள். அதுவரை கம்பனிகளும் சங்கங்களும் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கூட்டு ஒப்பந்தம் போட்டன. சம்பளத் தொகை அதில் ஒரு வரிதான். எங்கள் தோட்டத்தில் நோமைக் கூட்ட வேண்டுமானால் தோட்டத்துரை எங்களைக் கூப்பிட்டுப் பேசியாக வேண்டும். சம்பள நிர்ணய சபை 1000 என்று அறிவித்ததும் கம்பனிகள் வழக்குப் போட்டன, ஒப்பந்தத்தையும் விட்டு விலகின. காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டில் வைத்து "இனி 20 கிலோ" என்றார்கள். எட்டாதவர்களுக்குக் கிலோ கணக்கில் காசு. அதே வருடம் இரசாயன உரத்துக்குத் தடை வந்து செடியில் கொழுந்தும் குறைந்தது. 1000 ரூபாய் வந்ததா என்று கேட்டால், வர்த்தமானியில் வந்தது. பல வீட்டில் 500தான் வந்தது.

ஒரு நாள் சம்பளம் எவ்வளவு என்று அரசு சொல்லலாம். ஒரு நாள் வேலை என்றால் எத்தனை கிலோ என்று மலையில் நின்று பேச ஆள் வேண்டும். அந்த ஆளுக்குத்தான் சந்தா.

ஆண்களுக்குக் கொடுத்த அதே நாட்சம்பளத்தைப் பெண்களுக்கும் கொடுக்க வைத்தது 1984 வேலைநிறுத்தம். 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் சம்பளத்தை 16 சதம் கூட்டிக் கேட்டபோது பொலிஸ் சுட்டுத் தொழிலாளி கோவிந்தன் செத்தான். ஒன்றும் சும்மா வரவில்லை மகள்.

பசறைக்காரன்:
தலைவர் ஐயா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் பிள்ளை கேட்பதிலும் ஞாயம் இருக்கிறது. 1000 ரூபாய் கோரிக்கை 2015இலேயே எழுந்தது. சங்கங்கள் 2016இல் அடிப்படைச் சம்பளம் 500 என்று கையெழுத்து வைத்தன, 2019இல் 700 என்று கையெழுத்து வைத்தன. சங்கமும் கட்சியும் ஒரே ஆளாக இருந்து, அந்த ஆள் அமைச்சராகவும் இருந்தால், யாரோடு யார் பேரம் பேசுவது? பறிப்பவர்கள் முக்கால்வாசியும் பெண்கள், பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்தவர்கள் ஆண்கள். என் அக்கா இதைச் சொல்லித்தான் சந்தாவை நிறுத்தினார்.

இன்னொன்றையும் பாருங்கள். இலங்கைத் தேயிலையில் 70 வீதத்துக்கு மேல் இன்று சிறுதோட்டங்களில் இருந்து வருகிறது. எங்கள் பக்கத்தில் தோட்டத்து லய வீட்டில் இருந்துகொண்டே அங்கே கைக்காசுக்குப் போகிறார்கள். ஈபிஎப் என்ற சேமலாப நிதி இல்லை, சங்கமும் இல்லை. "கூட்டிக் கேட்டால் தோட்டத்தையே சிறுதோட்டங்களாகப் பிரித்துக் கொடுத்துவிடுவோம்" என்று கம்பனி சொல்ல முடிவது இதனால்தான். சங்கங்கள் இந்த ஆட்களைப் பற்றி வாய் திறக்காதவரை, தோட்டத்துக்குள்ளும் பலம் குறைந்துகொண்டுதான் போகும்.

மஸ்கெலியா மகள்:
இருவருக்கும் நன்றி. அம்மாவுக்கு 20 கிலோதான் நோம், பெரட்டில் வைத்து அறிவித்ததுதான். இப்போது இருக்கும் சங்கத்தின் தலைவர் தராசுப் பக்கமே வருவதில்லையாம். அப்படியானால் என்ன செய்வது?

பழைய தலைவர்:
சந்தாவை நிறுத்துவதற்கு முன்னால் கேளுங்கள். நிறுவை நேரத்தில் நிற்க ஒரு தலைவியை நியமிக்கச் சொல்லி, அம்மாவோடு பறிக்கும் பெண்கள் எல்லாரும் கையெழுத்து வைத்து சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்துக்கு ஒரு கடிதம் கொடுங்கள். அசையவில்லை என்றால் சங்கம் மாறலாம். ஏழு பேர் சேர்ந்தால் புதிய சங்கம் பதியலாம் என்கிறது சட்டம். ஆனால் தோட்டத்தில் 40 வீதம் ஆள் இருந்தால்தான் நிர்வாகம் பேச மறுக்க முடியாது. அதனால் சின்னச் சின்னதாகப் பிரிந்து போகாதீர்கள்.

இந்த மாதம் முழுக்க, மூன்று நிறுவையிலும் எவ்வளவு நிறுத்தார்கள், எவ்வளவு கழித்தார்கள் என்று அம்மாவை ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். கிலோ கணக்கில் கொடுத்த காசுக்கு ஈபிஎப் போட்டிருக்கிறார்களா என்பதை நீங்கள் துண்டில் பாருங்கள், கணக்கு தெரிந்த பிள்ளை. நாலைந்து பேருடைய கொப்பியும் துண்டும் சேர்ந்தால் தொழில் காரியாலயத்தில் முறைப்பாடு கொடுக்கலாம்.