"அது நமக்கா?" என்று கேப்டன் கேட்டார்

(ரேடியோவில் தவறாகக் கேட்ட தருணங்களைப் பற்றி, இரண்டு விமானிகளும் தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் ஒரு கன்ட்ரோலரும் புனைபெயர்களில் பேசிக்கொண்டது.)

வலது இருக்கை:
கோ-பைலட் ஆன முதல் வருடம். எங்கள் கால்சைனில் (ரேடியோவில் விமானத்தை அழைக்கும் பெயர்) ஒரே ஒரு எண் மட்டும் மாறிய இன்னொரு விமானமும் அதே அலைவரிசையில். அந்தத் தொல்லை உங்களுக்குத் தெரியும். "6000 அடிக்கு இறங்கவும்" என்று வந்தது, ரீட்பேக் சொல்லிவிட்டேன், அதாவது உத்தரவை அப்படியே திருப்பிச் சொன்னேன். போக வேண்டிய உயரத்தை அமைக்கும் குமிழில் கை வைத்த கேப்டன் அதைத் திருப்பவில்லை. "அது நமக்கா?" என்றார்.
"நமக்குத்தான் சார்."
"எதற்கும் கேளுங்கள்."
கேட்டேன். "நெகட்டிவ், 9000-லேயே இருங்கள்." எங்களுக்குக் கீழே 8000-ல் ஒருவர் போய்க்கொண்டிருந்தார். இரண்டு ரீட்பேக்கும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, கன்ட்ரோலருக்குக் கேட்டது மற்றவருடையது மட்டும். குமிழில் அசையாமல் நின்ற அந்தக் கை இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

இரவுப்பணி:
நான் கன்ட்ரோலர். கொடுத்த உயரம் 210, அதாவது 21,000 அடி. பைலட் திருப்பிச் சொன்னது 220. நான் திருத்தவில்லை, என் காதில் 210 என்றுதான் விழுந்தது. ரேடாரில் 211, 212 என்று எண் ஏறியபோது வயிறு கலங்கிவிட்டது. எதிரே 220-ல் ஒருவர். உடனே திசை திருப்பினேன், விலகிப் போனார்கள். பதிவைப் போட்டுக் கேட்ட பிறகுதான் நம்பினேன்.

பழைய கேப்டன்:
காதை மட்டும் குறை சொல்லாதீர்கள், சொல்லும் வார்த்தையும் தெளிவாக இருக்க வேண்டும். ஒருமுறை எரிபொருள் குறைந்து "முன்னுரிமை வேண்டும்" என்றேன், ஹோல்டிங்கில் (இறங்கக் காத்திருந்து வட்டமிடுவது) இன்னொரு சுற்றுதான் கிடைத்தது. 1990 ஜனவரியில் நியூயார்க் அருகே விழுந்த ஏவியாங்கா 52 விமானத்தை நினைத்துப் பாருங்கள். எரிபொருள் தீர்கிறது என்றார்கள், முன்னுரிமை கேட்டார்கள், எமர்ஜென்சி என்ற சொல் மட்டும் கன்ட்ரோலருக்குப் போகவே இல்லை. 73 பேர் போனார்கள். அதனால் இளைய பைலட்டுகளே, "மினிமம் ஃபியூயல்" (குறைந்தபட்ச எரிபொருள்) என்றால் வழிவிடுவார்கள் என்று நம்பாதீர்கள், அது தகவல் மட்டும்தான். நிலைமை மீறினால் ஆபத்து அழைப்பாக "மேடே, மேடே, மேடே, ஃபியூயல்" என்றே சொல்லுங்கள். டேக்-ஆஃப் என்ற சொல்லும் அப்படித்தான். 1977-ல் டெனரிஃப் ஓடுபாதையில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் இறந்த பிறகு, அனுமதி கொடுக்கும்போதும் ரத்து செய்யும்போதும் தவிர அதை யாரும் உச்சரிப்பதில்லை. மற்ற நேரத்தில் "டிபார்ச்சர்" என்று சொல்லுங்கள்.

இரவுப்பணி:
சார், அதெல்லாம் சரி. என் விஷயத்தில் இரண்டு பேரும் சரியான சொல்லைத்தான் பயன்படுத்தினோம், தவறிப்போனது ஓர் எண். வலது இருக்கை, அன்று நீங்கள் திரும்பக் கேட்டதும் கன்ட்ரோலர் எரிந்து விழுந்தாரா?

வலது இருக்கை:
இல்லை. பதில் வர மட்டும் ஒரு நொடி தாமதமானது. அப்புறம் "நன்றி" என்றார்.