பர்சனல் டிரெய்னர் வைத்தால் மாதம் 4 கிலோ குறையுமா?

புதுவரவு:
"வாரம் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், உங்களுக்கென்று தனியாக ஒரு டிரெய்னர். மாதம் 4 கிலோ கேரண்டி." ஜிம்மில் சேரப் போனால் இந்தப் பேச்சைக் கேட்காமல் திரும்ப முடியாது. 80 கிலோ எடை, இதுவரை டம்பெல்லைத் தொட்டதே இல்லை என்கிற ஆளுக்கு இது நடக்கிற காரியமா? கொடுக்கிற காசு உண்மையில் எதற்குப் போகிறது?

தராசு:
அந்தப் பயிற்சியால் மட்டும் நடக்காது. கணக்கே போட்டுவிடலாம். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி. செட்டுகளுக்கு (நிறுத்தாமல் செய்யும் ஒவ்வொரு சுற்றுக்கும்) நடுவில் எடுக்கும் ஓய்வையும் சேர்த்தால், ஒரு மணி நேரத்தில் 80 கிலோ ஆள் செலவழிப்பது 400 கலோரி அளவில். அதில் 80 சும்மா உட்கார்ந்திருந்தாலே போயிருக்கும். மிச்சம் 320. மாதம் 12 வகுப்புக்கு 3,840. அதாவது அரைக் கிலோ.

4 கிலோவுக்கு 30,800 கலோரி வேண்டும். 28 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 1,100 பற்றாக்குறை. அது முக்கால்வாசிக்கு மேல் சாப்பாட்டில்தான் வரவேண்டும். மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் கூடுதலாக உள்ளே போனால் 360 கலோரி. அந்த ஒரு மணி நேரம் காலி.

இன்னொன்று. முதல் வாரமே 2 கிலோ இறங்கியது என்று காட்டுவார்கள். மாவுச்சத்தைக் குறைத்ததும் உடல் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்த சர்க்கரை கரைகிறது, ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் வெளியேறுகிறது. இறங்கியதில் பெரும்பங்கு அந்தத் தண்ணீர். அதைக் காட்டி அடுத்த மூன்று மாதத்துக்குக் காசு கட்ட வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இரும்புத்தட்டு:
கணக்கு சரிதான் தராசு. ஆனா டிரெய்னரைக் கலோரி எரிக்கிற அடுப்பா பார்த்தா அவர் எப்பவுமே நஷ்டக் கணக்குதான். அவர் வேலை வேற. சாப்பாட்டை மட்டும் குறைச்சு இறக்குற எடையில கொழுப்போட தசையும் சேர்ந்து போகுது. எடைப் பயிற்சியும், உடல் எடையில கிலோவுக்கு 1.6 கிராம் அளவுக்குப் புரதமும் இருந்தாதான் தசை பெருமளவு நிக்கும். அந்த எடைப் பயிற்சியைப் புதுசா வர்றவருக்கு ஒழுங்கா யார் சொல்லித் தருவாங்க?

ஒரு ஸ்குவாட்டையே, அதாவது உட்கார்ந்து எழுறதையே, எடுத்துக்கங்க. பின்னாடி நாற்காலி உயரத்துக்கு ஒரு பெஞ்ச். 8 கிலோ டம்பெல்லை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சு, மூணு எண்ணி மெதுவா இறங்கி, பெஞ்சைத் தொட்டு எழணும். ஒரு தடவை இறங்கி எழுந்தா ஒரு ரெப். முதல் நாலு ரெப் அழகா வரும். ஆறாவது ஏழாவதுல எழும்போது முழங்கால் உள்பக்கம் சாயும். கண்ணாடி முன்னாடி நின்னா அது நமக்கே தெரியும். குதிகால் அரை அங்குலம் தூக்குறதும் கீழ்முதுகு சுருள்றதும் பக்கவாட்டுல நிக்கிறவர் கண்ணுக்குத்தான் படும். "முழங்காலைச் சுண்டுவிரல் பக்கம் தள்ளுங்க" என்று ஒரு வார்த்தை, குதிகாலுக்கு அடியில ஒரு சின்னத் தட்டு. அடுத்த செட்டே மாறிடும்.

அடுத்து, எடை ஏத்துறது. மூணு செட்டிலும் 12 ரெப் முடிச்சு, இன்னும் ரெண்டு போடத் தெம்பு இருந்தா 2 கிலோ கூட்டணும். தனியா செய்யறவங்க மாசக்கணக்கா அதே 8 கிலோவிலேயே நிப்பாங்க. 2000-ல வந்த ஒரு ஆய்வுல ஒரே அட்டவணையை ரெண்டு குழு 12 வாரம் செஞ்சாங்க. பக்கத்துல பயிற்சியாளர் நின்ற குழு எடையை வேகமா ஏத்தினாங்க, ஸ்குவாட்டிலும், படுத்து எடையை மேலே தள்ளுற பெஞ்ச் பிரஸ்ஸிலும் அவங்க பலம்தான் அதிகம் கூடுச்சு.

தராசு:
அந்த ஆய்வில் இருந்தது 20 ஆண்கள், ஏற்கெனவே பயிற்சிப் பழக்கம் உள்ளவர்கள். எடை குறைப்பு அதன் கேள்வியும் இல்லை. சரி, பலம் கூடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் வர்ணித்த டிரெய்னர் எத்தனை பேருக்குக் கிடைக்கிறார்? பெரும்பாலும் நடப்பது 20 பர்பி (தரையில் கை ஊன்றி, காலைப் பின்னால் நீட்டி, எழுந்து குதிப்பது), 20 ஜம்ப் ஸ்குவாட், ஓய்வில்லாமல் நாலு சுற்று. வியர்வை கொட்டினால் காசு செரித்த திருப்தி. மிச்ச நாள் முழுக்க ஆள் படுக்கை. தினம் 8,000 அடி நடந்தவர் 5,000-க்கு இறங்கினால் வகுப்பில் எரித்ததில் 100 கலோரி அங்கேயே போச்சு, மறுநாளும் அப்படியே என்றால் 200.

முழங்கால்:
இந்த பர்பி விஷயத்தில் தராசு சொல்வதைவிட ஒரு படி மேலே போகிறேன். பழக்கமில்லாத உடம்பை முதல் வகுப்பிலேயே நூற்றுக்கணக்கான ரெப் செய்ய வைத்தால் தசை இழைகள் சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். ஓரிரு நாளில் தாங்க முடியாத வலி, வீக்கம், கடுந்தேநீர் நிறத்தில் சிறுநீர் என்றால் ஜிம்முக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். சாதாரண வலி வேறு. அது 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு வந்து தானாகத் தணியும். அந்த நாட்களில் தசை நீர் கோப்பதால் தராசு முள் ஒரு கிலோ ஏறினாலும் பயப்பட வேண்டாம். தினம் காலையில் எடை பார்த்து, ஏழு நாள் சராசரியை முந்தைய வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள்.

மாத்திரைகளைப் பற்றியும் யாரும் கேட்பதில்லை. ரத்த அழுத்தத்துக்கு, இதயத்துடிப்பை மெதுவாக்கும் பீட்டா பிளாக்கர் எடுப்பவரின் நாடித்துடிப்பு மற்றவர்கள் அளவுக்கு ஏறாது. "இதயத்துடிப்பு 140-ஐத் தொடணும்" என்று அவரை விரட்டினால் ஆபத்து. இன்சுலின் போடுபவருக்குப் பயிற்சிக்கு இடையிலும் பிறகும் சர்க்கரை தாழலாம்.

இரும்புத்தட்டு:
முழங்கால் சொன்னதை அப்படியே ஏத்துக்கறேன். அப்படி விரட்டுறவரை டிரெய்னர்னு நானும் சொல்ல மாட்டேன்.

தராசு:
அப்படியானால் கேள்வி எத்தனை நாள் என்பதுதான். ஸ்குவாட், தரையிலிருந்து எடையைத் தூக்கும் டெட்லிஃப்ட், தள்ளுவது இரண்டு, இழுப்பது இரண்டு. ஆறு அசைவு. பத்து வகுப்பில் கற்றுக்கொள்ளலாம். ஆறு மாதப் பேக்கேஜ் எதற்கு?

இரும்புத்தட்டு:
பத்து வகுப்புல கத்துக்கறது லேசான எடையில. 10 கிலோவுல நேரா இருந்த முதுகு 40 கிலோ டெட்லிஃப்ட்ல வளையும். கை சோர்ந்ததும் எடை மாட்டின கம்பி உடம்பை விட்டு முன்னாடி விலகும், பாரம் முழுக்க இடுப்புக்கு வரும். அதனால ஆறு மாசமும் வாரம் மூணு நாள் வேண்டாம், ஆனா ஒரேயடியா விடவும் வேண்டாம். முதல் நாலு வாரம் 12 வகுப்பு. அப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு. நடுவுல தனியா செஞ்சு, கடைசி செட்டைப் பக்கவாட்டுல இருந்து வீடியோ எடுத்துட்டு வந்து காட்டணும்.

தராசு:
இதை ஏற்கிறேன். கூடவே, எல்லாருக்கும் ஒரே 1,200 கலோரித் தாளை நீட்டுபவரிடம் சாப்பாட்டு ஆலோசனை வாங்காதீர்கள். 1992-ல் வந்த ஓர் ஆய்வில், "குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், எடை இறங்கவில்லை" என்றவர்கள் சாப்பிட்டதில் 47 சதவீதத்தைக் கணக்கில் விட்டிருந்தார்கள். பொய் சொல்லவில்லை, கண்ணளவு அப்படி. இரண்டு வாரம் எல்லாவற்றையும் எடை போட்டு எழுதிய பிறகுதான் எதைக் குறைப்பது என்றே பேச முடியும்.

புதுவரவு:
நல்ல டிரெய்னரை முதல் நாளே எப்படிக் கண்டுபிடிப்பது?

முழங்கால்:
எடையைக் கையில் கொடுப்பதற்கு முன் நெஞ்சுவலி, மயக்கம், மாத்திரை, பழைய அறுவை சிகிச்சை, மூட்டு வலி இவற்றைக் கேட்கிறாரா பாருங்கள். இடுப்புச் சுற்றளவை அளந்து எழுதுகிறாரா பாருங்கள்.

இரும்புத்தட்டு:
வகுப்பு நடக்கும்போது அவர் கையைக் கவனிங்க. நோட்டு இருக்கணும், ஒவ்வொரு செட்டுக்கும் கிலோவும் ரெப்பும் ஏறணும். மூணாவது வாரம் "போன தடவை எத்தனை கிலோ?" என்று அவர் உங்களைக் கேட்டா, மீதி வகுப்புக்குக் காசு கட்டாதீங்க.