ஒரு டாலர் போனது, 41,000 ரூபாய் நின்றது: பேங்குக்கு எப்படித் தெரிந்தது?

கோவை மல்லிகா:
நேற்று அதிகாலை 2:40க்கு என் கிரெடிட் கார்டில் ஏதோ வெளிநாட்டு வெப்சைட் ஒரு டாலர் எடுத்ததாக எஸ்எம்எஸ். ஓடிபி வரவில்லை. நான்கு நிமிடம் கழித்து 41,000 ரூபாய்க்கு இன்னொரு முயற்சி. அதை மறுத்து, கார்டையும் பிளாக் செய்துவிட்டார்கள். கார்டு என் பீரோவில்தான் இருக்கிறது. போன மாதம் 52,000 ரூபாய்க்கு ஃப்ரிட்ஜ் வாங்கியபோது யாரும் தடுக்கவில்லையே? ஒரு டாலருக்காகப் புகார் கொடுக்க வேண்டுமா, விட்டுவிடலாமா?

ராஜவேல்:
விட்டுவிடாதீர்கள் மேடம். ஒரு பேங்கின் கார்டு கண்காணிப்பில் ஆறு வருடம் நைட் ஷிஃப்ட் பார்த்தவன் நான். திருட்டு கார்டு நம்பர்களை மொத்தமாக வாங்குகிறவர்கள், எந்தக் கார்டு இன்னும் வேலை செய்கிறது என்று பார்க்க இப்படித்தான் சின்னத் தொகை போடுவார்கள். அது போனால் உடனே பெரிய தொகை.

ஃப்ரிட்ஜுக்குக் கடையில் கார்டைச் செருகி பின் போட்டிருப்பீர்கள். சிப் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு குறியீடு தரும், அதைக் காப்பியடிக்க முடியாது. அதனால் தொகை பெரிதானாலும் சந்தேகம் குறைவு. 41,000க்கு அப்படி இல்லை. நேரம், நாடு, முந்தைய ஒரு டாலர் எல்லாம் சேர்ந்து, மோசடியாக இருக்கலாம் என்று சிஸ்டம் போடும் சந்தேக மதிப்பெண் ஏறியிருக்கும். அதே வெப்சைட்டில் அதே இரவு வேறு பலருடைய கார்டிலும் ஒரு டாலர் போயிருந்தால் சிஸ்டம் அதையும் பார்க்கும். இந்தக் கணக்கெல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். நியூரல் நெட்வொர்க் (பழைய உதாரணங்களிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் கணினி முறை) வைத்து இதைச் செய்யும் ஃபால்கன் மென்பொருள் 1992லேயே வந்துவிட்டது.

எந்த மதிப்பெண்ணில் நிறுத்துவது என்பதுதான் கஷ்டம். வெளிநாட்டு ஆஸ்பத்திரி கவுண்டரில் கார்டு மறுக்கப்பட்டு, போனில் அழுத ஒரு அப்பாவிடம் நான் பேசியிருக்கிறேன். பணம் அவருடையதுதான். அந்தக் குரல் இன்னும் மறக்கவில்லை.

ஓடிபி விஷயம்: இந்தியாவுக்குள் ஆன்லைனில் வாங்க இரண்டாவது சரிபார்ப்பை ரிசர்வ் பேங்க் 2009லேயே கட்டாயமாக்கியது. வெளிநாட்டு வெப்சைட்டுகள் பல அதைக் கேட்காமலே எடுத்துவிடும்.

புகாரை இன்றே கொடுங்கள். ரிசர்வ் பேங்கின் 2017 விதிப்படி, தவறு உங்களுடையதும் பேங்குடையதும் இல்லாமல் வேறு எங்கோ விவரம் கசிந்திருந்தால், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. நான்கிலிருந்து ஏழு வேலை நாள் என்றால், 5 லட்சம் வரை லிமிட் உள்ள கார்டுக்கு 10,000 ரூபாய் வரை உங்கள் தலையில் விழலாம். பேசாமல் இருந்தால் அந்த ஒரு டாலர் உங்கள் செலவாகவே பதிவாகும். 'இது மோசடி' என்று நீங்கள் சொன்னால்தான் சிஸ்டமும் கற்றுக்கொள்ளும், அடுத்தவர் கார்டும் தப்பும்.

தஞ்சை கணேஷ்:
இப்படி பிளாக் ஆன மறுநாள் என் அம்மாவுக்கு 'ஃப்ராட் டிபார்ட்மென்ட்' என்று ஒருவன் போன் செய்து, கார்டைத் திறக்க ஓடிபி கேட்டான். அம்மா சொல்லிவிட்டார். 18,000 போனது. சைபர் மோசடி உதவி எண் 1930க்கு உடனே போன் அடித்தோம்.

ராஜவேல்:
கணேஷ் சொல்வதை எல்லோரும் கவனியுங்கள். நாங்கள் போன் செய்தால் 'இது நீங்கள் செய்ததா?' என்று மட்டும்தான் கேட்போம். ஓடிபி, சிவிவி, பின் கேட்கவே மாட்டோம். சந்தேகமா? போனை வைத்துவிட்டு, கார்டின் பின்னால் உள்ள நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள்.

கோவை மல்லிகா:
நன்றி ராஜவேல் சார். 11:20க்குப் புகார் கொடுத்தேன், நம்பர் வந்துவிட்டது. ஆப்பில் பார்த்தால் 'இன்டர்நேஷனல்' ஆனில் இருக்கிறது. போன வருடம் மகனின் தேர்வுக் கட்டணத்துக்காக நான்தான் போட்டேன், அப்புறம் மறந்தே போனேன். புதுக் கார்டு வந்ததும் முதல் வேலையாக அதைப் பார்க்கிறேன்.